நான்கு படம், ஒரு கேள்வி: இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்க கன்வெர்ட்டிபிள்களில் எதை வாங்கலாம்?

இரவு பதினொன்றரைக்கு வாட்ஸப்பில் நான்கு படங்கள் வந்து விழுந்தன. ஒஹையோவில் இருக்கும் அக்கா மகன் அனுப்பியிருந்தான். கீழே ஒரே வரி: "மாமா, இதுல எது?"

முதல் படத்தில் கறுப்பு நிற 1950 ஃபோர்டு. அடுத்தது வால் சிறகு வைத்த 1957 ஷெவர்லே பெல் ஏர், ஆகாய நீலம். மூன்றாவது சிவப்பு 1965 மஸ்டாங். கடைசியில் 1964 லிங்கன் கான்டினென்டல், நான்கு கதவு, வெள்ளை. நான்குமே கன்வெர்ட்டிபிள், அதாவது துணிக்கூரையை மடக்கிவிடலாம்; நான்கிலும் அதை மடக்கிப் பின்னால் வைத்திருந்தார்கள். நான்கையும் "முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது" என்று சொல்லித்தான் விற்கிறார்கள்.

டெட்ராய்ட் பக்கம் குடியிருப்பதால் இந்தக் கேள்வி எனக்குப் பழக்கம். ஆகஸ்ட் வந்தால் வுட்வர்ட் அவென்யூவில் மைல் கணக்கில் பழைய வண்டிகள் ஊர்வலம் போகும். 1995-இல் தொடங்கிய வழக்கம் அது. ஓரமாக நாற்காலி போட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிற நம்மாட்களில் இரண்டு பேராவது அந்த வாரமே, "நாமும் ஒன்று வாங்கினால் என்ன?" என்று ஆரம்பிப்பார்கள். வாங்கலாம். ஆனால் எதை வைத்து முடிவு செய்வது என்பதை முதலில் பேசிக்கொள்வோம். நிறமும் குரோமும் அந்தக் கணக்கில் கடைசியில்தான் வரும்.

## எதை வைத்து அளப்பது

முதலில் உடம்பு. சாதாரணக் காரில் கூரையும் தூண்களும் சேர்ந்து வண்டியை ஒரு பெட்டி போல இறுக்கிப் பிடிக்கும். கன்வெர்ட்டிபிளில் அந்த மேல்பாதி இல்லை. அந்த வேலையைத் தரையும், கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர் பட்டையும், சேஸிஸும் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) சேர்ந்து செய்தாக வேண்டும். அதனால் தயாரித்தவர்களே அடியில் கூடுதல் இரும்பு வைத்தார்கள். துணிக்கூரை வழியாக ஒழுகுகிற தண்ணீர் போய்த் தேங்குவதும் அதே இடத்தில்தான். கம்பளத்துக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல், முப்பது நாற்பது வருஷம். துரு தின்ற கன்வெர்ட்டிபிள் நடுவில் தொய்ந்துவிடும், பழைய கயிற்றுக்கட்டில் மாதிரி.

அடுத்தது உதிரிபாகம். சனிக்கிழமை காலை ஏதோ ஒன்று உடைந்தால் அடுத்த சனிக்கிழமைக்குள் பொருள் கையில் கிடைக்குமா? இல்லை, எங்கோ ஒருவர் வீட்டுக் கொல்லையில் கிடக்கும் செத்த வண்டியிலிருந்து கழற்றி அனுப்பும்வரை காத்திருக்க வேண்டுமா?

யார் உட்காரப் போகிறார்கள்? இதைக் கேட்காமல் வாங்கிவிட்டு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

வண்டி எங்கே நிற்கும்? வடக்கே பனிக்காலத்தில் ரோட்டில் உப்பு கொட்டுவார்கள். ஐந்து மாதம் வண்டி உள்ளேயே நிற்கும். சாதாரண வீட்டு கராஜின் ஆழம் 20 அடி. அதற்குள் வண்டியும் போக வேண்டும், நீங்களும் சுற்றி நடக்க வேண்டும்.

விலையை ஐந்தாவதாக வைக்கிறேன். முக்கியம் இல்லை என்பதால் அல்ல. மேலே உள்ள நான்குக்கும் பதில் தெரிந்த பிறகுதான் ஒரு விலை அதிகமா குறைவா என்று சொல்லவே முடியும்.

## "புதுப்பித்தது" என்றால் என்ன?

நான் சூடுபட்ட கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருஷத்துக்கு முன் ஒரு மஸ்டாங் கன்வெர்ட்டிபிள் வாங்கினேன். பெயின்ட் கண்ணாடி மாதிரி இருந்தது, முகம் பார்த்துத் தலை சீவலாம். விற்றவர் தேன் ஒழுகப் பேசினார். நானும் டயரை உதைத்துப் பார்த்துவிட்டு, என்னவோ தெரிந்தவன் போலத் தலையாட்டிக் காசைக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துப் பின் சக்கரத்தை மாற்ற ஜாக்கி போட்டேன். வண்டி மேலே ஏறியது. டிரைவர் பக்கக் கதவு திறக்கவே இல்லை. இறக்கினால் திறந்தது, ஏற்றினால் இறுகிக்கொண்டது. பளபளப்புக்கு அடியில் ராக்கர் முழுக்கத் துரு. அதன்மேல் மெல்லிய தகட்டை ஒட்டி, விரல் கனத்துக்குப் பட்டி பூசி, தேய்த்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள். டிங்கரிங் தெரிந்தவர்களுக்கு இது புரியும்: பட்டி பார்ப்பது தப்பில்லை, இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் பட்டி இருப்பதுதான் தப்பு. கடைசியில் நஷ்டத்துக்குத்தான் விற்றேன், உள்ளதைச் சொல்லியே விற்றேன்.

அதனால், "புதுப்பித்தது" என்று யாராவது சொன்னால் நான் கேட்பது இரண்டே விஷயம். வேலை நடந்தபோது எடுத்த படம் உண்டா? பில் உண்டா? ஒழுங்காகச் செய்தவர் அம்மணமாக நிற்கும் சேஸிஸைப் பெருமையோடு காட்டுவார். "எல்லாம் இருந்தது, கம்ப்யூட்டர் போயிடுச்சு" என்றால் நானும் போய்விடுவேன்.

இதன் மறுபக்கமாக இன்னொரு ஆசை வரும்: துருப்பிடித்த வண்டியைச் சல்லிசாக வாங்கி நாமே புதுப்பித்தால் என்ன? கணக்கைப் பாருங்கள். முழுவதும் பிரித்து மறுபடி பூட்ட ஆயிரம் மணி நேர வேலை என்பது மிகை இல்லை. பட்டறைக் கூலி மணிக்கு 100 டாலர் என்று வைத்தாலே 1,00,000 டாலர் ஆகிறது. குரோம் முலாம், துணிக்கூரை, சீட் தையல், எஞ்சின் வேலை எல்லாம் இதில் சேரவில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதுதான். கைவேலை தெரிந்து, வெல்டிங் மெஷின் சொந்தமாக இருந்து, ஐந்து வருஷச் சனி ஞாயிறுகளைக் கொடுக்கத் தயாராக இருந்தால் தாராளமாக இறங்குங்கள். அந்தச் சந்தோஷம் தனி. ஓட்டுவதுதான் ஆசை என்றால், ஏற்கெனவே ஒருவர் மனசாரச் செலவு செய்து முடித்த வண்டியைத் தேடுங்கள். அவர் போட்ட காசு பெரும்பாலும் விற்கும்போது திரும்பி வருவதில்லை. அந்த நஷ்டம்தான் உங்கள் லாபம்.

## ஒரே பார்வையில்

விலைகள் நான் விற்பனைகளிலும் ஏலங்களிலும் பார்த்து வருவதை வைத்துச் சொல்லும் தோராயம்; நன்றாக ஓடும், ஒழுங்காகப் புதுப்பித்த வண்டிக்கு. வி8 என்றால் எட்டு சிலிண்டர் எஞ்சின்; அதோடு வரும் 239, 283 போன்ற எண்கள் கன அங்குலத்தில் எஞ்சின் அளவு.

| | 1950 ஃபோர்டு | 1957 பெல் ஏர் | 1965 மஸ்டாங் | 1964 லிங்கன் |
|---|---|---|---|---|
| எஞ்சின் | ஃப்ளாட்ஹெட் வி8, 239 கன அங்குலம், 100 குதிரைத்திறன் | ஆறு சிலிண்டர், அல்லது 265, 283 வி8 | ஆறு சிலிண்டர், அல்லது 289 வி8 | 430 வி8 |
| மின்சாரம் | 6 வோல்ட் | 12 வோல்ட் | 12 வோல்ட் | 12 வோல்ட், ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) ஏராளம் |
| நீளம் | ஏறக்குறைய 16½ அடி | 16 அடி 8 அங்குலம் | 15 அடி சொச்சம் | 18 அடி |
| உடம்பு | தனி சேஸிஸ் | தனி சேஸிஸ் | சேஸிஸும் பாடியும் ஒன்றே | சேஸிஸும் பாடியும் ஒன்றே |
| உதிரிபாகம் | எஞ்சினுக்குத் தாராளம், பாடிக்கு அலைய வேண்டும் | தாராளம் | தடுக்கி விழுந்தால் கிடைக்கும் | சிறப்புக் கடைகள் மட்டும் |
| விலை (டாலர்) | 30,000 முதல் 45,000 | 70,000-க்கு மேல், லட்சத்தையும் தாண்டும் | 25,000 முதல் 50,000 | 45,000 முதல் 80,000 |

## 1950 ஃபோர்டு: கை அழுக்காக ஆசைப்படுபவருக்கு

போர் முடிந்ததும் அமெரிக்கக் கம்பெனிகள் 1942 மாடலையே கொஞ்சம் ஒப்பனை செய்து விற்றன. ஃபோர்டின் உண்மையான புது வண்டி 1948 ஜூனில்தான் வந்தது, 1949 மாடல் என்ற பெயரில். சக்கரத்துக்கு மேலே துருத்தி நின்ற மட்கார்டுகள் போய், பக்கவாட்டு ஒரே பலகையாக மாறியது இதில்தான். அதனால்தான் இதை இன்றும் செல்லமாக ஷூ டப்பா என்கிறார்கள். முதல் வருஷத்து வண்டியை அவசரத்தில் தயாரித்தார்கள்; தண்ணீர் ஒழுகும், கதவு ஆடும். 1950-இல் அதையெல்லாம் சரிசெய்தார்கள். எனவே இரண்டும் ஒரே விலைக்குக் கிடைத்தால் 1950-ஐ எடுங்கள்.

இதன் அழகும் தொல்லையும் ஒரே இடத்தில் இருக்கின்றன, ஃப்ளாட்ஹெட் வி8 எஞ்சினில். 1932-இல் சாமானியனுக்குக் கட்டுப்படியாகிற விலையில் வி8 தந்த எஞ்சின் வரிசை இது. அமெரிக்காவில் 1953 வரை ஓடியது. சத்தம் கேட்டாலே போதும், அடையாளம் தெரியும். ஆனால் வால்வுகள் எஞ்சின் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால், எரிந்த புகை வெளியேறும் பாதை தண்ணீர் ஓடும் அறைகளுக்கு நடுவில் போகிறது. சூடு நேராகத் தண்ணீரில் ஏறும். டிராஃபிக்கில் பத்து நிமிஷம் நின்றால் கண் தானாக டெம்பரேச்சர் முள்ளைத் தேடும். நாளாக ஆக வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் நடுவில் பிளாக் விரிசல் விடுவதும் உண்டு. விலை பேசுமுன் எஞ்சின் வேலை செய்தவரிடம் பிளாக்கை விரிசல் சோதனை செய்தாரா என்று கேளுங்கள்.

அடுத்தது 6 வோல்ட். ஃபோர்டு 12 வோல்ட்டுக்கு மாறியது 1956 மாடலில்தான். 6 வோல்ட்டில் அதே வேலைக்கு இரண்டு மடங்கு கரன்ட் ஓட வேண்டும், அதற்கு ஒயர் தடிமனாக இருக்க வேண்டும். பழையது கெட்டதும் அருகில் உள்ள கடையில் கிடைக்கும் மெல்லிய 12 வோல்ட் கேபிளை மாட்டிவிடுவார்கள். அப்புறம் செல்ஃப் எடுக்கவில்லை, பேட்டரி சரியில்லை என்று புலம்பல். கட்டைவிரல் கனத்தில் கேபிளும் ஒழுங்கான எர்த்தும் கொடுத்துப் பாருங்கள், கப்பென்று பிடிக்கும். இன்னொன்று: இதில் பேட்டரியின் பாஸிட்டிவ்தான் பாடியோடு சேர்ந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் உதவி செய்கிறேன் என்று தன் புதுக் காரிலிருந்து ஒயர் கொடுக்க வந்தால், நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

சனிக்கிழமை கையில் ஸ்பேனரோடு நிற்பதே உங்களுக்கு ஓய்வு என்றால், இந்த வண்டியைவிட நல்ல வாத்தியார் கிடையாது. பானெட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். நெடுஞ்சாலையில் 70 மைலில் போக நினைப்பவருக்கு இது வேண்டாம்.

## 1957 பெல் ஏர்: எல்லாருக்கும் தெரிந்த முகம்

பழைய அமெரிக்கக் கார் என்றதும் பலர் மனதில் வருகிற படம் இதுதான். வால் சிறகு, மூக்கில் இரண்டு குரோம் குமிழ், பக்கவாட்டில் கோடு போட்ட அலுமினியத் தகடு. பெட்ரோல் எங்கே ஊற்றுவது என்று புதிதாகப் பார்ப்பவருக்குத் தெரியாது. இடது சிறகின் குரோம் பட்டையைத் திறந்தால் உள்ளே மூடி இருக்கும். எத்தனை முறை செய்து காட்டினாலும் குழந்தைகள் மறுபடி கேட்பார்கள்.

வண்டியாகவும் நல்ல வண்டி. 283 வி8 எளிமையானது, இதைத் தொடாத பழைய மெக்கானிக் அமெரிக்காவில் இல்லை. 12 வோல்ட். தனி சேஸிஸ், அதிலும் கன்வெர்ட்டிபிளுக்கு நடுவில் பெருக்கல் குறி போலக் குறுக்குச் சட்டம் வைத்து வலுப்படுத்தியிருப்பார்கள். உதிரிபாகம் என்று பார்த்தால் ஒரு முழு பாடியையே புதிதாக இரும்பில் அடித்து விற்கிறார்கள்.

வில்லங்கமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த வருஷம் ஏறத்தாழ 47,000 பெல் ஏர் கன்வெர்ட்டிபிள்கள் தயாரானதாகக் கணக்கு. அதே வருஷத்துக் கெட்டிக்கூரை வண்டிகள் அதைவிடப் பல மடங்கு. இரண்டுக்கும் இன்று விலை வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். அப்படியிருக்க, கூரையை அறுத்து எறிந்துவிட்டு இதுவும் கன்வெர்ட்டிபிள்தான் என்று விற்கும் யோசனை யாருக்காவது வராமல் இருக்குமா? வண்டி எண்ணில் (தொழிற்சாலையில் அடித்த எண், நம்பர் பிளேட் இல்லை) இது வெளிப்படாது, ஏனென்றால் ஷெவர்லேயின் அந்தக் கால எண்ணில் பாடி வகை கிடையாது. எஞ்சின் அறையின் பின்சுவரில் அடித்த சின்னத் தகட்டைப் பாருங்கள். பெல் ஏர் கன்வெர்ட்டிபிள் என்றால் 57-1067டி (D) என்று இருக்க வேண்டும். 1037டி என்றிருந்தால் அது கெட்டிக்கூரையாகப் பிறந்த வண்டி. தகட்டையே மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதால், குனிந்து அடியில் அந்தக் குறுக்குச் சட்டம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வண்டி எண்ணின் தொடக்கத்தில் 'வி' எழுத்து இருந்தால் தொழிற்சாலையிலேயே வி8 போட்டது. இல்லாவிட்டால் ஆறு சிலிண்டராகப் பிறந்து பிறகு எஞ்சின் மாறியது. ஓட்டுவதற்கு அது குறை இல்லை, விலைக்குக் குறை.

என் தனிப்பட்ட குறை வேறு. இவ்வளவு விலை கொடுத்தவர் இதை ஓட்ட மாட்டார். மழை மேகம் தெரிந்தால் போர்வை, மார்க்கெட் வாசலில் நிறுத்தப் பயம். கராஜுக்குள் வைத்துத் துடைத்துக்கொண்டே இருப்பார். பெல் ஏர் மீது பிறந்ததிலிருந்தே ஆசை, பணமும் சும்மா கிடக்கிறது என்றால் வாங்குங்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வேண்டாம் என்பேன்.

## 1965 மஸ்டாங்: குடும்பத்தோடு ஐஸ்கிரீம் சாப்பிடப் போக

1964 ஏப்ரல் 17-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியை ஒட்டி ஃபோர்டு இதை அறிமுகம் செய்தது. 1965 மாடல் கணக்கில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் கன்வெர்ட்டிபிள்கள் வெளிவந்தன. இந்த எண்ணிக்கைதான் வாங்குபவருக்கு உதவி. உதிரிபாகக் கடைகளின் பட்டியல் தலையணை கனம். ஒரு கதவுப் பிடி, ஒரு திருகு, சீட் துணியில் ஓடும் குதிரைப் படம் வரை எல்லாம் புதிதாகக் கிடைக்கும்.

ஆனால் நான்கில் அதிகக் கவனத்தோடு சோதிக்க வேண்டியதும் இதைத்தான். தனி சேஸிஸ் கிடையாது. தரையும் ராக்கரும்தான் எல்லாம். அவை போனால் வண்டியே போனது. சோதிக்கும் முறை எளிது, நான் காசு கொடுத்துக் கற்றது. கதவுகளைத் திறந்து மூடிப் பாருங்கள். பிறகு ஜாக்கி போட்டு ஒரு பக்கம் தூக்கி மறுபடி திறந்து மூடுங்கள். கதவு இடைவெளி மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி ஆனால் நகர்ந்துவிடுங்கள்.

அடுத்த சோதனைக்கு ஒரு பாட்டில் தண்ணீர் போதும். முன் கண்ணாடிக்குக் கீழே பானெட்டை ஒட்டிக் காற்று உள்ளே போகும் வரிவரியான துவாரங்கள் இருக்கும். அதில் மெதுவாகத் தண்ணீரை ஊற்றிவிட்டு, உள்ளே டாஷ்போர்டுக்கு அடியில் கை வையுங்கள். ஈரம் தட்டினால் உள்ளே தகடு துருத்துவிட்டது. அதைச் சரிசெய்ய முன்பாகத்தைப் பிரித்து, பற்றவைப்புப் புள்ளிகளைத் துளைத்து எடுக்க வேண்டும். பொருள் விலை கொஞ்சம், கூலி கொள்ளை. விற்பவர் "தண்ணி எல்லாம் ஊத்தாதீங்க" என்று பதறினால் பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

எண்ணைப் படிப்பதும் சுலபம். வண்டி எண்ணில் மூன்றாவது நான்காவது இலக்கம் 08 என்றால் கன்வெர்ட்டிபிளாகப் பிறந்தது. 07 என்றால் கெட்டிக்கூரை. கதவுத் தகட்டில் 76 என்று தொடங்கும் பாடி எண்ணும் இதை உறுதி செய்யும். அடுத்த எழுத்து எஞ்சினைச் சொல்லும்: 'டி' (T) ஆறு சிலிண்டர், 'சி'யும் 'ஏ'யும் 289 வி8, 'கே' அதிவேக வகை. கே எழுத்து வண்டியின் விலை வேறு உலகம், அதை இங்கே பேச வேண்டாம். ஆறு சிலிண்டரை இளக்காரமாகப் பார்ப்பவர்கள் உண்டு. ஊர் சுற்றுவதற்கு அது தாராளமாகப் போதும், விலையும் பல ஆயிரம் டாலர் குறையும்.

இரண்டு ஆபத்துகளைப் பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும். இந்த வருஷத்து மஸ்டாங்கில் பிரேக் எண்ணெய்க்கு ஒரே அறை. எங்காவது ஒரு குழாய் ஒழுகினால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர் மாற்றுவது பெரிய செலவு இல்லை. வாங்கிய முதல் வாரமே செய்யுங்கள். பெல் ஏருக்கும் ஃபோர்டுக்கும் லிங்கனுக்கும் இதே அறிவுரைதான். இரண்டாவது, பெட்ரோல் டேங்கின் மேல்தகடுதான் மஸ்டாங் டிக்கியின் தரை. பின்சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவில் உருப்படியான இரும்புச் சுவர் கிடையாது. அங்கே ஒரு தடுப்புத் தகடு வைத்துப் பூட்டுவது நல்லது.

## 1964 லிங்கன்: மனசு ஒன்று சொல்லும், மூளை ஒன்று சொல்லும்

என் வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில் விக்சம். இந்த வண்டிகளைச் செய்த தொழிற்சாலை அங்கேதான் இருந்தது, 2007-இல் மூடினார்கள். டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் அதிபர் கென்னடி கடைசியாகப் போன 1961 லிங்கன் நிற்கிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிப்போகிறோம், எல்லாரும் அதன் முன்னால் கொஞ்சம் குரல் தாழ்த்துவார்கள். எல்வுட் எங்கெல் வரைந்த அந்தக் கோடுகளில் வால் சிறகு இல்லை, அலங்காரம் இல்லை. நேர்கோடு. பின்கதவு பின்னால் கீல் வைத்து எதிர்ப்பக்கமாகத் திறக்கும்.

கூரை மடங்குவதைப் பார்க்கக் கூட்டம் கூடும். டிக்கி மூடி பின்பக்கக் கீலில் தலைகீழாக எழும், கூரை பூட்டு கழன்று எழும்பி மடிந்து டிக்கிக்குள் போய்ப் படுக்கும், மூடி மேலே இறங்கும். துணியின் ஓரம்கூட வெளியே தெரியாது. இதை நடத்துவது ஹைட்ராலிக் பம்பு, மோட்டார்கள், வரிசையாக ரிலேக்கள், லிமிட் சுவிட்சுகள். ஒன்று முடிந்ததாக அடுத்ததற்குச் சொன்னால்தான் அது நகரும். நடுவில் ஒரு சுவிட்சில் அழுக்கு அடைத்தால் டிக்கி வானத்தைப் பார்த்துத் திறந்தபடி, கூரை பாதியில், நீங்கள் சாலையோரத்தில். ஒரு கல்யாண வீட்டு வாசலில் இதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளை கோட்டைக் கழற்றிவிட்டுத் தள்ளினார்.

கூரை உள்ளே போனால் டிக்கியில் பெட்டி வைக்க இடம் இல்லை. கேலனுக்குப் பத்து மைல் கொடுத்தால் சந்தோஷம். 18 அடி வண்டியை 20 அடி கராஜில் விட்டால், முன்னாலும் பின்னாலும் ஓரடிதான் மிச்சம். எடையோ இரண்டரை டன் பக்கம். வருஷத்துக்கு மூவாயிரம் சொச்சம் கன்வெர்ட்டிபிள்தான் செய்தார்கள் என்பதால் இதைப் புரிந்துகொண்ட மெக்கானிக் கொஞ்சம் பேர்தான். வாங்குமுன் கூரையை ஐந்து தடவை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள், ஒரு தடவை போதாது. எஞ்சின் சூடான பிறகும், குளிர்ந்திருக்கும்போதும்.

நான்கு பெரியவர்கள் வசதியாகக் கால் நீட்டி உட்கார ஒரே வண்டி இதுதான். ஏற்கெனவே ஒரு பழைய வண்டி வைத்துப் பழகியவர், ஒயரிங் படம் படிக்கத் தெரிந்தவர், கூப்பிட்ட குரலுக்கு வரும் மெக்கானிக் உள்ளவர் வாங்கலாம். முதல் வண்டியாக வேண்டாம். யானையைக் கட்டித் தீனி போடுவது எப்படி என்று யானை வந்த பிறகு கற்றுக்கொள்ள முடியாது.

## விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்

காப்பீடு. சாதாரணக் கார் பாலிசி தேய்மானம் கழித்துத்தான் கொடுக்கும். 60 வருஷ வண்டிக்கு அதில் என்ன மிஞ்சும்? முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பைக் கொடுக்கும் பாலிசியைக் கேட்டு வாங்குங்கள். பிரீமியம் பெரும்பாலும் குறைவுதான். ஆனால் பூட்டிய கராஜும், தினசரி ஓட்ட வேறு காரும் இருக்க வேண்டும் என்பார்கள்.

நம்பர் பிளேட். வரலாற்று வாகனத் தகடு மலிவு. பல மாநிலங்களில் அதை வைத்துக்கொண்டு தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, ஊர்வலம், சங்கக் கூட்டம், பழுது பார்த்து ஓட்டிப் பார்ப்பது என்று வரம்பு உண்டு. மிச்சிகனில் ஆகஸ்ட் மாதத்துக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியிருக்கிறார்கள். ஏன் ஆகஸ்ட் என்று வுட்வர்ட் பக்கம் வந்து பார்த்தால் தெரியும்.

நிற்கும் செலவு. ஓட்டினால் தேயும் என்பது பாதி உண்மை. நின்றால் இன்னும் வேகமாகக் கெடும். இன்றைய பெட்ரோலில் கலந்த எத்தனால் பழைய ரப்பர் ஹோஸ்களை அரித்துவிடும். நவீன ஹோஸாக மாற்றாத வண்டியில் பெட்ரோல் வாசனை வந்தால் உடனே பாருங்கள். குளிர்காலத்துக்கு முன் டேங்க்கை நிரப்பிப் பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்ற வேண்டும், பேட்டரிக்குச் சிறு சார்ஜர் மாட்ட வேண்டும். எலி தனிக் கதை. சீட்டுக்குள் குடும்பம் நடத்தி, ஒயரைக் கடித்துப் பிள்ளை வளர்க்கும்.

துணிக்கூரை. துணி வாங்குவது சின்னச் செலவு. பொருத்தும் ஆள் கிடைப்பதும் அவர் கூலியும்தான் பெரிது. பின் கண்ணாடியாக இருக்கும் பிளாஸ்டிக் மஞ்சளித்துவிட்டதா, மடிப்பில் வெடித்துவிட்டதா என்று பாருங்கள். வெயிலில் காயாத துணியை மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும், அந்த வாடை போகவே போகாது.

பிள்ளைகள். இதுதான் அக்கா மகனுக்கு நான் முதலில் சொன்னது. பெல் ஏரிலும் 1950 ஃபோர்டிலும் சீட் பெல்ட் என்பதே யாராவது தனியாகக் கேட்டு மாட்டியிருந்தால்தான் உண்டு. மஸ்டாங், லிங்கன் வந்த காலத்தில் முன்சீட்டுக்கு இடுப்பு பெல்ட் வந்துவிட்டது. தோள் பெல்ட் எதிலும் இல்லை. கூரைத் தூண் இல்லாத வண்டியில் அதை மேலே எங்கே மாட்டுவது? ஐந்து முனை வார் உள்ள குழந்தை இருக்கையை இடுப்பு பெல்ட்டால் கட்ட முடியும். பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் இருக்கைக்குத் தோள் பெல்ட் இருந்தே ஆக வேண்டும். அவனுக்கு நாலு வயதில் ஒன்று, ஏழு வயதில் ஒன்று. சின்னவளுக்கு வழி இருக்கிறது, பூஸ்டரில் உட்காரும் பெரியவனுக்கு இல்லை. பின்சீட்டுக்கு இடுப்பு பெல்ட் மாட்டியிருக்கிறார்களா, அது தரையின் வலுவான இரும்பில் பூட்டப்பட்டதா, துருத்த தகட்டில் பூட்டப்பட்டதா என்று பார்க்க வேண்டும். பெரியவன் இன்னும் மூன்று நான்கு வருஷத்துக்கு, அம்மா பின்னாலேயே ஓட்டி வரும் வேனில் வரட்டும் என்றேன். இதைக் கேட்டு அவன் முகம் சுருங்கியது ஃபோனிலேயே தெரிந்தது.

## அப்படியானால் எது?

அவன் கையில் இருப்பது 45,000 டாலர். கைவேலை சுமார், எண்ணெய் மாற்றத் தெரியும், கார்புரேட்டர் பார்த்ததில்லை. கராஜ் சாதாரண அளவு. கூட உட்காரப் போவது மனைவி, இன்னும் சில வருஷத்தில் பிள்ளைகள்.

பெல் ஏர் பணத்திலேயே அடிபட்டுப் போனது. அந்த விலைக்குள் ஒரு பெல் ஏர் கன்வெர்ட்டிபிள் கிடைக்கிறது என்றால் அதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். லிங்கனை அவன் விடுவதாக இல்லை. படத்தை இரண்டு தடவை திரும்ப அனுப்பினான். உன் கராஜை டேப் வைத்து அளந்து சொல் என்றேன். 19 அடி 4 அங்குலம். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது. ஃபோர்டு அவனுக்கு நான் பரிந்துரைத்திருப்பேன், அவன் நெடுஞ்சாலையை விட்டு ஒதுங்கிய சின்ன ஊரில் இருந்திருந்தால். அவன் வீட்டிலிருந்து பால் வாங்கப் போவதற்கே நெடுஞ்சாலையில் ஏற வேண்டும்.

மிஞ்சியது மஸ்டாங். அவன் அனுப்பிய சிவப்பு வண்டி 289 வி8, 'சி' எழுத்து. கேட்ட விலை 41,500. புதுப்பித்த படம் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன். விற்பவர் மறுநாளே நூற்றுப்பத்துப் படங்கள் அனுப்பினார், அதில் அம்மணத் தரையும் ராக்கரும் தெளிவாக இருந்தன. நல்ல அறிகுறி. ஆனாலும் படத்தை நம்பி முன்பணம் கொடுக்காதே, போகும்போது காந்தம் ஒன்று (பட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாது), டார்ச் ஒன்று, தண்ணீர் பாட்டில் ஒன்று, சின்ன ஜாக்கி ஒன்று எடுத்துப் போ, விற்பவரிடம் அனுமதி கேட்டுச் சோதி, அனுமதி கொடுக்காவிட்டால் காபி குடித்துவிட்டுத் திரும்பி வா என்று சொல்லி அனுப்பினேன். மீதி 3,500-இல் பிரேக் சிலிண்டர், பெல்ட், தடுப்புத் தகடு, முதல் வருஷக் காப்பீடு.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் விற்பவர் வீட்டுக் கராஜிலிருந்தே கூப்பிட்டான். பின்னால் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

"மாமா, ஜாக்கி போட்டுத் தூக்கிட்டேன். ரெண்டு கதவும் நல்லா தொறக்குது."

"தண்ணி ஊத்துனியா?"

"ஊத்துனேன். உள்ள காஞ்சுதான் இருக்கு."

"சரி. இப்ப டிரைவர் பக்கம் கம்பளத்தைத் தூக்கிட்டு டார்ச் அடிச்சுப் பாரு. நான் லைன்லயே இருக்கேன்."